மாத்திரையா, பேச்சா, இருவரும் சேர்ந்து போவதா? ஏழை லத்தீனோ வீட்டில் மனச்சோர்வு

கலிஃபோர்னியாவின் துலேரி மாவட்டத்தில் ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை வீடுதான், ஆனால் அந்தப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. கணவன் ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கிறவன். மனைவி பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள். மூன்றாவது பிள்ளை பிறந்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். இருவரும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்; இப்படி லத்தீன் அமெரிக்க வம்சாவளியில் வந்தவர்களை அமெரிக்காவில் லத்தீனோக்கள் என்பார்கள். மழை பெய்தால் அன்று அவனுக்குக் கூலி கிடையாது. வாடகையைப் பகிர்ந்துகொள்ள அவனுடைய தம்பி ஹாலில் படுத்துக்கொள்கிறான். அவளுக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை; குழந்தை தூங்கினாலும் இவளுக்கு வருவதில்லை. அவன் வேலை முடிந்து வந்ததும் இறங்குவதில்லை. வண்டியை வாசலில் நிறுத்தி, உள்ளேயே அரை மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு பியர் முடித்த பிறகுதான் கதவைத் திறக்கிறான். இருவருக்கும் இடையே பேச்சு என்றால் கரன்ட் பில், டயப்பர், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணம். அவ்வளவுதான்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன கிளினிக்கில் அவளிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். ஸ்பானிஷ் மொழியில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உங்களை நீங்களே தோற்றுப்போனவராக நினைத்தீர்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதற்கு மட்டும் 0 தவிர எந்த எண் வந்தாலும் அன்றைக்கே பேசியாக வேண்டும். நம்முடைய கற்பனை மனைவிக்கு ஒன்பதாவதில் 0, மொத்தம் 14. கணவன் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மூத்த பிள்ளைகளோடு நிற்கிறான். அவனிடம் யாரும் தாள் கொடுக்கவில்லை.

இனி என்ன செய்வது? பொறுத்துக்கொள்வது, அவள் மட்டும் சிகிச்சைக்குப் போவது, இருவரும் சேர்ந்து போவது, முதலில் பணக் கஷ்டத்தைச் சரிசெய்வது என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

பொறுத்துக்கொள்வதற்கு ஸ்பானிஷில் ஒரு சொல் இருக்கிறது: அகுவன்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது. அதைச் செய்கிற பெண்ணுக்கு ஊரில் மரியாதையும் உண்டு. கூடவே ஒரு பழமொழி: 'லோஸ் த்ராப்போஸ் சூசியோஸ் சே லாவான் என் காசா', அழுக்குத் துணியை வீட்டுக்குள்தான் துவைக்க வேண்டும். அவள் தன் நிலையை மனச்சோர்வு என்று சொல்லமாட்டாள், 'நெர்வியோஸ்' என்பாள். நம் ஊரில் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி எத்தனையோ விஷயத்தை மூடி வைப்போமே, கிட்டத்தட்ட அதேதான்.

இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பக்கத்து மாவட்டமான ஃப்ரெஸ்னோவில் மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் 3,000 பேரிடம் நடத்தி 1998-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவிலேயே பிறந்தவர்களில் 48.1 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு வந்திருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களில் அது 24.9 சதவீதம்தான். வந்தவர்கள் ஏழைகள், மொழி தெரியாதவர்கள், ஆனாலும் பாதிதான். குடும்பமே முதல் என்று வாழும் அந்தப் பழக்கம், அவர்கள் சொல்லும் 'ஃபமிலிஸ்மோ', ஒரு கவசமாக இருக்கலாம் என்று பலரும் விளக்கம் தருகிறார்கள். சரி, கவசம்தான். ஆனால் அதே குடும்பப் பாசம்தான் ஹாலில் தம்பியையும் ஊருக்குப் போகும் பணத்தையும் கொண்டுவருகிறது. 14 மதிப்பெண் வந்துவிட்ட பிறகு, கோமாத்ரேயிடம் (பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்ற தோழியிடம்) அழுதுவிட்டு வருவது நல்லதுதான், அதுவே சிகிச்சை ஆகிவிடாது. இந்த வழியைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. எந்த வழியில் போனாலும் கூட வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அவள் மட்டும் சிகிச்சைக்குப் போவது. இங்கேதான் ஆதாரம் கெட்டியாக இருக்கிறது. ஜீன் மிராண்டா என்ற உளவியலாளரின் குழு வாஷிங்டன் நகரத்தின் புறநகர்களில், ஏழைத் தாய்மாருக்கான சத்துணவுத் திட்ட அலுவலகங்களிலும் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குகளிலும் தேடி, மனச்சோர்வு கொண்ட 267 பெண்களைச் சேர்த்தது. பாதிப் பேர் லத்தீனோ பெண்கள். மூன்று பிரிவு: ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு சிபிடி எனப்படும் எட்டு வாரப் பேச்சுச் சிகிச்சை, மூன்றாவது பிரிவுக்கு 'இந்த இடத்துக்குப் போங்கள்' என்று ஒரு பரிந்துரை. 2003-இல் வெளியான ஆறு மாத முடிவில் மாத்திரை நன்றாக வேலை செய்தது, பேச்சுச் சிகிச்சை அதற்கு ஒரு படி கீழே, பரிந்துரை கடைசியில். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மாத்திரைப் பிரிவில் 50.9 சதவீதம், பேச்சுச் சிகிச்சைப் பிரிவில் 56.9 சதவீதம், பரிந்துரைப் பிரிவில் 37.1 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து வெளியே வந்திருந்தார்கள். ஆக, நீண்ட கணக்கில் மாத்திரைக்கும் பேச்சுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. பரிந்துரை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவைகூட அந்த இடத்துக்குப் போகவில்லை. மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் போக்குவரத்துக்கு வழி செய்தார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள், விடாமல் போன் செய்தார்கள். அதற்குப் பிறகும் எட்டு வாரப் பேச்சுச் சிகிச்சையில் பாதியைத் தொட்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். ஆகவே கிளினிக்கில் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து 'அங்கே போய்ப் பாருங்கள்' என்றால், அதைச் சிகிச்சை என்று நினைத்துவிட வேண்டாம். அதே கட்டடத்தில், அதே நாளில், ஸ்பானிஷ் பேசுகிறவரிடம் நேரம் வாங்கித் தர முடியுமா என்று கேட்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் காத்லீன் எல்லின் குழு, ஏழைகளுக்கான இரண்டு கிளினிக்குகளில் சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 387 பேரிடம் செய்தது இதைத்தான். அவர்களில் 96.5 சதவீதம் பேர் லத்தீனோக்கள். மாத்திரையா, பிரச்சினையைத் தீர்க்கக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சையா என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ளலாம். எல்லாம் வழக்கமான கிளினிக்குக்குள்ளேயே. பலனும் கிடைத்தது. கிராமப்புறத்தில் கிளினிக்குக்கு வரவே வழியில்லாதவர்களுக்குப் போனிலேயே சிபிடி கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்றும் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. 101 லத்தீனோ நோயாளிகள், 2011-இல் முடிவு வந்தது, அதுவும் பலன் தந்தது.

மாத்திரையா பேச்சா என்று கேட்டால் லத்தீனோ நோயாளிகளில் பலர் பேச்சையே விரும்புகிறார்கள். மாத்திரை போட்டால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்ற பயம் ஒரு காரணம். மனச்சோர்வு மாத்திரைகள் அந்த வகையில் அடிமையாக்குவதில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல் மாதிரித் தொந்தரவுகள் வரலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். ஆனால் தம்பதி என்று வரும்போது ஒரு பக்கவிளைவை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அதிகம் எழுதித் தரப்படும் மாத்திரைகள் பலருக்குத் தாம்பத்திய ஆசையைக் குறைத்துவிடும். இதை மருத்துவர் மனைவியிடமும் சொல்லாமல், மனைவி கணவனிடமும் சொல்லாமல் விட்டால், வண்டிக்குள் உட்கார்ந்து பியர் குடிக்கிறவன் அதற்கு என்ன காரணம் கற்பித்துக்கொள்வான் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை எழுதும் அன்றே இரண்டு நிமிடம் பேசினால் தீர்கிற விஷயம் இது.

தனிச் சிகிச்சையின் குறையும் இங்கேதான். அவளைச் சரிசெய்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. 1989-இல் ஹூலி, டீஸ்டேல் என்ற இருவர் இங்கிலாந்தில் செய்த ஒரு சின்ன ஆய்வை மறக்க முடியாது. மனச்சோர்வு நோயாளிகளிடம் கேட்டவற்றில் ஒரு கேள்வி: உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார், பத்துக்கு எத்தனை? அந்த எண் கூடக்கூட நோய் திரும்பி வரும் வாய்ப்பும் கூடியது. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் இது இன்னொரு திருப்பம் எடுக்கிறது. ஸ்டீவன் லோபெஸ் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களைப் பார்த்தபோது, வெள்ளையர் வீடுகளில் குறை சொல்வதுதான் நோயைத் திருப்பிக் கொண்டுவந்தது; மெக்சிகோ அமெரிக்கர் வீடுகளில் பாச வெளிப்பாடு இல்லாமல் போவது கொண்டுவந்தது. அது வேறு நோய், அப்படியே மனச்சோர்வுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் வாசலில் நிற்கும் அந்த வண்டியைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. அவன் அவளைத் திட்டுவதில்லை, உள்ளே வருவதே இல்லை.

அப்படியானால் இருவரும் சேர்ந்து போகலாமா? தம்பதிச் சிகிச்சைக்கு ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. நீல் ஜேக்கப்சனின் 1991 ஆய்வில், கணவன் மனைவிக்குள் ஏற்கெனவே உறவு கெட்டிருந்த வீடுகளில் மனச்சோர்வைக் குறைப்பதில் தம்பதிச் சிகிச்சை தனிச் சிகிச்சைக்குச் சமமாக நின்றது. உறவு நன்றாகவே இருந்து அவளுக்கு மட்டும் சோர்வு என்றால் தனிச் சிகிச்சையே மேல். லண்டனில் 2000-ஆம் ஆண்டு ஜூலியன் லெஃப் வெளியிட்ட ஆய்வில், குறை சொல்லும் துணையோடு வாழும் நோயாளிகளில் மாத்திரைப் பிரிவில் 56.8 சதவீதம் பேர் பாதியில் விட்டுவிட்டார்கள், தம்பதிச் சிகிச்சையில் விட்டவர்கள் 15 சதவீதம் மட்டுமே. இவை எல்லாம் லத்தீனோ ஏழைகளிடம் செய்யப்பட்டவை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். காசு விஷயமும் உண்டு. சும்மா 'எங்களுக்குள் சண்டை' என்று போனால் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. ஒருவருக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் எழுதி, அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதியாகத் துணையைக் கூப்பிட்டால் பெரும்பாலும் தரும். பில் யார் பேரில், என்ன காரணம் காட்டிப் போகிறது என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

ஏழைத் தம்பதிக்கு இன்னும் எளிதான வடிவம் குழு. இதில்தான் நம் கதை துலேரிக்கே திரும்பி வருகிறது. பிலிப் கவன், கரோலின் கவன் என்ற தம்பதி ஆய்வாளர்கள் தம் சகாக்களோடு கலிஃபோர்னியாவின் நான்கு மாவட்டங்களில், துலேரியும் அதில் ஒன்று, 289 ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மெக்சிகோ அமெரிக்கக் குடும்பங்கள். சிலருக்கு ஒரே ஒரு கூட்டம், சிலருக்கு அப்பாக்கள் மட்டும் கூடும் 16 வாரக் குழு, சிலருக்குத் தம்பதியாகக் கூடும் 16 வாரக் குழு. 2009-இல் வந்த முடிவு சுவாரசியமானது. அப்பாக்கள் குழு, தம்பதிக் குழு இரண்டிலுமே அப்பாக்கள் பிள்ளைகளை அதிகம் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஆனால் கணவன் மனைவி உறவில் திருப்தி, அப்பாக்கள் குழுவில் வழக்கம்போலக் கீழே இறங்கியது. தம்பதிக் குழுவில் மட்டும் இறங்காமல் நின்றது, பிள்ளை வளர்ப்பின் மன அழுத்தமும் குறைந்தது. இதை 'முன்னேற்றம்' என்று சொல்லாமல் 'இறங்காமல் நின்றது' என்று சொல்வதைக் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் ஏழை வீட்டில் அதுவே பெரிய விஷயம்.

இங்கே ஓர் இடைச்செருகல். அந்தக் குழுக்களில் சாப்பாடு இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்தினார்கள். 'மனநலச் சிகிச்சைக்கு வா' என்றால் நகராத ஆண், 'அப்பாக்களுக்கான கூட்டம், சாப்பாடு உண்டு' என்றால் வந்துவிடுவான். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, பெயர் வைப்பதில் கொஞ்சம் புத்தி.

அரசு நடத்திய பெரிய திருமண வகுப்புத் திட்டங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எட்டு இடங்களில், 6,298 தம்பதிகளிடம் சோதித்த ஒரு திட்டம் தம்பதிக்கு சராசரியாக 9,100 டாலர் செலவழித்தது. உறவில் சிறிய முன்னேற்றம், மன வருத்தத்தில் கொஞ்சம் குறைவு. பிரிந்து போனவர்களின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. கல்யாணம் ஆகாத பெற்றோருக்கான இன்னொரு திட்டம் மொத்தத்தில் பலன் தரவில்லை. ஓக்லஹோமாவில் கொஞ்சம் நன்மை, பால்டிமோரில் உறவு முன்னைவிடக் கெட்டது. தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையில் இப்படி ஓர் இலவச வகுப்பைப் பார்த்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் 14 மதிப்பெண்ணுக்கு அது மருந்தாகாது.

சேர்ந்து போகவே கூடாத வீடும் இருக்கிறது. அவன் கை ஓங்குகிறானா, அவள் போனைப் பறிக்கிறானா, 'போலீஸிடம் போனால் உன்னை நாடு கடத்தவைப்பேன்' என்கிறானா, கூட்டத்தில் சொன்னதற்கு வீட்டில் கணக்குத் தீர்ப்பானா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தம்பதிச் சிகிச்சையும் வேண்டாம், தம்பதிக் குழுவும் வேண்டாம். அவள் தனியாக, அவனுக்குத் தெரியாத நேரத்தில் உதவி தேட வேண்டும். நல்ல குழுக்கள் சேர்ப்பதற்கு முன் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து இதைக் கேட்கும். கேட்காத குழுவில் சேர வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்குப் போன் செய்து 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள்.

கடைசியாகப் பணம். ரேண்ட் காங்கர் என்ற சமூகவியலாளர் 1980-களில் அயோவாவின் விவசாய நெருக்கடியில் சிக்கிய குடும்பங்களைப் பார்த்து ஒரு சங்கிலியை வரைந்தார்: பணக் கஷ்டம் இருவரின் மனதையும் சோர்வடையச் செய்கிறது, சோர்வு சண்டையாகிறது, சண்டை பிள்ளை வளர்ப்பில் விழுகிறது. பிறகு வட கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் 674-ஐத் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் அவர் பங்கெடுத்தார். சங்கிலியின் முதல் கண்ணியைத் தளர்த்தினால் மற்றவை தளரும் என்ற எண்ணம் எனக்குப் பிடித்தமானது, ஆனால் கிளினிக்கில் வாடகை கொடுக்கமாட்டார்கள். கொடுக்கக்கூடியவை சில உண்டு. அரசு உதவி பெறும் சமூக சுகாதார மையங்களில் பொதுவாகக் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை, கட்டணம் வருமானத்துக்கேற்ப. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால், 2025-இல் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 37,650 டாலர், பெயருக்கு ஒரு சிறு தொகைதான். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல், அதற்குப் பதிலாக வரித்துறை தரும் ஐடின் எண்ணில் வரி கட்டுகிறவர்களுக்கும் கலிஃபோர்னியா 2020 முதல் தன் உழைப்பாளர் வரிச் சலுகையைத் தருகிறது. கூட்டாட்சி அரசு தருவதில்லை. வரி கட்டியும் இந்தப் பணத்தை வாங்காமல் விடுகிறவர்கள் உண்டு, அது தெரியாமல்தான்.

காப்பீட்டுக் கணக்கு இன்னும் சிக்கல். குடியேற்ற ஆவணம் இல்லாத பெரியவர்களுக்கு 2024 வரை படிப்படியாகத் திறந்த மெடி-கால் (ஏழைகளுக்கான கலிஃபோர்னியா அரசு மருத்துவக் காப்பீடு) கதவு, 2026 ஜனவரி முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு மூடப்பட்டது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் நீடிக்கலாம். பிரசவமானவர்களுக்கு ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 12 மாதம் உண்டு. எட்டு மாதம் போய்விட்டது; பிரசவக் கணக்கில் அவளுக்கு நிச்சயமாக மிச்சமிருப்பது நான்கு மாதம். எட்டு வாரப் பேச்சுச் சிகிச்சைக்கு அது போதும், ஆனால் யோசித்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்ட அல்ல. மருத்துவமனை, தேவாலயம் போன்ற இடங்களில் கைது செய்வதைக் கட்டுப்படுத்திய விதியை 2025 ஜனவரியில் எடுத்துவிட்டதால், கிளினிக்குக்குப் போகவே பயப்படுகிற குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்குப் போன் வழிச் சிகிச்சைதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆக, துலேரி வீட்டுக்கு நான் என்ன சொல்வேன்? பயம் இல்லாத வீடு, உறவு வறண்டுபோன வீடு, பணம் இல்லாத வீடு. எனவே அவள் இந்த வாரமே கிளினிக்கில் பேச்சுச் சிகிச்சை தொடங்கட்டும். தூக்கமின்மை வேலையே செய்யவிடாத அளவு என்றால், பாலூட்டுவதையும் சொல்லி, மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும். இரண்டாவது மூன்றாவது சந்திப்புக்கு அவனையும் கூப்பிடச் சொல்லட்டும், 'இவளுக்கு எப்படி உதவுவது' என்று கேட்க. வந்த அன்றே அவன் கையிலும் அந்த ஒன்பது கேள்வித் தாளைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் குடியாகவும் வருவதுண்டு. அவனுடைய எண் அவளுடையதைவிடப் பெரிதாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அப்புறம் தம்பதிக் குழு ஏதாவது மாலை நேரத்தில், ஸ்பானிஷில், பிள்ளை பார்க்கும் ஆளோடு நடக்கிறதா என்று அதே கிளினிக்கின் புரொமோட்டோராவிடம் (அந்த ஊர்ப் பெண்களிலிருந்தே எடுத்துப் பழக்கிய சுகாதாரப் பணியாளர்) கேட்க வேண்டும். கிளினிக்கின் சமூகப் பணியாளரிடம் வரிச் சலுகையையும் விசாரிக்கலாம்.

அவன் வரமாட்டேன் என்றால்? அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவள் தனியாகவே தொடரட்டும். எட்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பினால் 14 ஏழுக்காவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மருந்தையோ முறையையோ ஆளையோ மாற்றச் சொல்லலாம், அந்தத் தாளைக் கையில் காட்டியே.